வெல்டிங்குக்கு ஓர் அங்குலம் தள்ளி

பதிமூன்றாவது மணல் மூட்டையை வைத்தபோது வண்டியின் அலுமினியக் கை தொங்கிவிட்டது.

சத்தம் எதுவும் இல்லை. களைத்துப்போன ஆள் தோளைத் தளர்த்துவதுபோல மெதுவாகக் கீழே இறங்கியது. நுனியில் கட்டியிருந்த பலகையிலிருந்து மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நகர்ந்து பேச்சில்லாமல் நின்றோம்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை இது. கோவை கணபதியில் அப்போதுதான் பட்டறை தொடங்கியிருந்தேன். ஒரு நூற்பாலையில், மெஷின்களுக்கு நடுவே உள்ள சந்தில் தள்ளிக்கொண்டு போய் மோட்டாரைத் தூக்கி இறக்க ஒரு வண்டி கேட்டார்கள். அடியில் எஃகுச் சட்டம், மேலே வெளியே நீட்டிய அலுமினியக் கை. கையின் நீளம் 1.2 மீட்டர், நுனியில் 250 கிலோ தாங்க வேண்டும். இரண்டு பேர் தள்ளினால் நகர வேண்டும், அதனால் எடை குறையட்டும் என்று 6061-டி6 என்ற வகை அலுமினியக் குழாயை எடுத்தோம். 100க்கு 50 செவ்வகம், சுவர் கனம் 4 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுச் சுமையில் கையின் அடிப்பகுதியில் வரும் தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் இறுக்கம், 102 மெகாபாஸ்கல். அந்த உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 240இல். இரண்டு மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது. ஒன்றரை மடங்கு எடை ஏற்றிச் சோதித்தாலும் 153தான் வரும். தைரியமாக 25 கிலோ மூட்டை பதினைந்து கட்டி வைத்தேன்.

325 கிலோவிலேயே போய்விட்டது.

முதலில் வெல்டிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். வெல்டர் அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். டிக் வெல்டிங்கில் அவர் கை ஓடினால் காசு அடுக்கி வைத்த மாதிரி விழும். குனிந்து, கட்டை விரலால் வெல்டு முழுவதும் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல்கூட இல்லை. "வெல்டு நின்னுருச்சு தம்பி, பைப்புதான் போயிருக்கு" என்றார். அவர் விரல் காட்டிய இடத்தில், வெல்டிங்கிலிருந்து சரியாக ஓர் அங்குலம் தள்ளி, குழாயின் அடிப்புறச் சுவர் உள்ளே மடிந்து ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அதற்கு அப்பால் குழாய் நூல் பிடித்த மாதிரி நேராகவே இருந்தது.

அந்த ஓர் அங்குலம்தான் எனக்கு அலுமினியத்தைக் கற்றுக்கொடுத்தது. அலாய் (உலோகக் கலவை) தேர்வு என்றால் "எது வலுவானது" என்று அட்டவணையில் தேடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கடையிலிருந்து வந்தபிறகு அந்த உலோகத்தை நாம் என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

நடந்தது இதுதான். 6061 என்பது மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த அலாய். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் டி6 என்ற சொல்லில்தான் அதன் வலுவின் பெரும்பகுதி இருக்கிறது. உலோகத்தை சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, கலந்தவை எல்லாம் உள்ளே கரையவிட்டு, சட்டென்று தண்ணீரில் குளிர வைக்கிறார்கள். பிறகு 175 டிகிரியில் எட்டு மணி நேரம்போல வைத்திருக்கிறார்கள். அந்த மிதமான சூட்டில், கரைந்திருந்த மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உலோகம் முழுக்கப் பிரிந்து நிற்கும். உலோகம் வளைவது என்றால் உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது. அந்த நழுவலை இந்தத் துணுக்குகள் மறிக்கின்றன. பாதையில் பொடிக்கற்களை நெருக்கமாகத் தூவி வைத்தால் வண்டி தடுமாறும். அதே கற்களை அங்கங்கே குவித்து நாலு பாறையாக வைத்துவிட்டால் வண்டி ஒதுங்கிப் போய்விடும். வெல்டிங் சூடு செய்வது இந்த இரண்டாவது வேலை. வெல்டிங்கின் இருபுறமும் சுமார் ஓர் அங்குலத்துக்குத் துணுக்குகள் சில இடத்தில் கரைந்துவிடும், சில இடத்தில் பெருத்துவிடும். அங்கே டி6 இல்லை. வடிவமைப்பு விதிகள் அந்த இடத்தில் 6061க்குக் கொடுக்கிற மதிப்பு 240 இல்லை, 105தான்.

நான் கணக்கில் கண்ட 102ஐ இந்த 105க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுச் சுமையிலேயே அது விளிம்பில் நின்றிருக்கிறது. மில்லுக்குப் போய் ஆள் பக்கத்தில் நிற்கும்போது தொங்காமல், பட்டறையில் மணல் மூட்டையில் தொங்கியது என் அதிர்ஷ்டம். அதன்பிறகு சோதனை எடை ஏற்றாமல் தூக்கும் சாமான் எதையும் நான் வெளியே அனுப்பியதில்லை.

சரி, என்ன செய்தோம்? முழுக் கையையும் மறுபடி 530 டிகிரி உலையில் போட்டு டி6க்குக் கொண்டுவரலாம். ஆனால் தண்ணீரில் முக்கும்போது கோணிக்கொள்ளும், அவ்வளவு நீளத்துக்கு உலையும் வேண்டும். இன்னும் கனமான குழாய்க்குப் போகலாம், எடை ஏறும். கடைசியில் வெல்டர் அண்ணன் சொன்னதுதான் நடந்தது: "அலுமினியத்துல நெருப்பே வேண்டாம் தம்பி, இரும்புல வெச்சுக்கலாம்." வண்டியின் எஃகுச் சட்டத்திலேயே இரண்டு கன்னத் தகடுகளை வெல்ட் செய்தோம். அலுமினியக் குழாய் அவற்றுக்கு நடுவே செருகி உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கும்போது குழாய் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கட்டை கொடுத்து, பக்கச் சுவரின் நடு உயரத்தில் துளையிட்டு போல்ட் போட்டோம். வளைவில் அந்த நடு உயரத்தில்தான் தகைவு குறைவு. அதே குழாய், அதே நீளம். பதினைந்து மூட்டையும் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுவைத்தோம். இறக்கியபிறகு அளந்தால் நுனி பழைய இடத்துக்கே வந்திருந்தது.

டி6க்குள் இருக்கிற அந்தத் துணுக்கு விஷயத்தை முதலில் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1906இல், பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள நோய்பாபெல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர், எஃகைச் சுட்டுத் தண்ணீரில் முக்குவதுபோல அலுமினியத்தையும் கடினமாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சதவீதம் செம்பும் அரை சதவீதம் மக்னீசியமும் கலந்த தகடு. சுட்டு, முக்கி, அளந்தார். பெரிதாக எதுவும் இல்லை. வார விடுமுறை கழிந்து வந்து அதே தகட்டை மறுபடி அளந்தபோது கடினம் ஏறியிருந்தது. யாரும் தொடவில்லை, சும்மா மேசைமேல் கிடந்த உலோகம் தானாக வலுவேறியிருக்கிறது. டூரன் என்ற ஊரின் ஆலைக்கு அதைத் தயாரிக்கும் உரிமை போனது, டூரலுமின் என்ற பெயரும் வந்தது. செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடு அதில்தான் எழுந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய இன்னும் முப்பது வருடம் ஆனது. 1938இல் பிரான்சில் கினியேவும் பிரிட்டனில் பிரஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்ரேயில் அந்த நுண்ணிய திரட்சிகளைக் கண்டார்கள்.

விமானப் பட்டறைகளில் ரிவெட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். சுட்டு முக்கிய, 2024 என்ற எண் கொண்ட செம்பு அலாய் ரிவெட் அறைச் சூட்டில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், அப்புறம் அடித்தால் வெடிக்கும். குளிரில் வைத்தால் வலுவேறுவது தள்ளிப்போகும். எடுத்தவுடன் அடித்து உட்கார வைத்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே அது இறுகிக்கொள்ளும். உலோகத்துக்கு நேரம் உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். இன்று புழங்கும் நான்கு இலக்க முறையை அமெரிக்க அலுமினியச் சங்கம் 1954இல் கொண்டுவந்தது. முதல் இலக்கம்தான் குடும்பப் பெயர். 1 என்றால் கிட்டத்தட்டத் தூய உலோகம், 2 செம்பு, 3 மாங்கனீசு, 4 சிலிக்கன், 5 மக்னீசியம், 6 மக்னீசியமும் சிலிக்கனும், 7 துத்தநாகம். நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் பெயர்களும் ஓடும். கோவையில் "எச்இ30 ராடு" என்றால் புரியும், 6082 என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அதில் எச் என்பது சூட்டுப் பதத்தால் வலுவேறும் அலாய், இ என்பது அச்சில் பிதுக்கி எடுத்தது. எச்இ9 என்றால் 6063, எச்இ20 என்றால் 6061, எச்இ15 என்றால் 2014. இந்தியத் தர எண்களில் இவையே 63400, 65032, 24345 என்று வரும். ஒரே உலோகத்துக்கு மூன்று பெயர். சான்றிதழில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று, கடைக்காரர் வாயில் ஒன்று. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதை எழுதிக் கொடுத்துவிடுவேன். அடுக்களையில் சொல்கிற "இண்டாலியம்" கடாய்கூட இப்படித்தான். ஹிண்டால்கோ தன் அலாய்க்கு வைத்த வணிகப் பெயர் அது, வீடுகளில் பாத்திரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆனால் எண்ணைவிட அதன் வாலைப் பாருங்கள். 6063-டி5 என்றால் அச்சிலிருந்து வந்த சூட்டோடு காற்றில் ஆறவைத்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தியது. வளையும் வரம்பு சுமார் 145. அதுவே டி6 என்றால் 214. ஓ என்றால் முழுக்க இளக்கியது. டி651இல் உள்ள 51, முக்கிய பிறகு தகட்டை இழுத்து உள் இறுக்கத்தை எடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. இது வேண்டாத விவரம் என்று நினைத்து சாதாரண டி6 பிளேட்டில் ஒரு பெரிய பாக்கெட்டை, அதாவது பள்ளத்தை, மில்லிங் செய்து பாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தியதும் பிளேட் முறுக்கிக்கொண்டு எழும். ஒரு பக்கம் இருந்த இறுக்கத்தை நீங்கள் வெட்டி எடுத்துவிட்டீர்கள், மறுபக்கம் இருப்பது இழுக்கிறது.

வெல்ட் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது 5 வரிசையை. 5083 சூட்டுப் பதத்தால் வலுவேறுவதில்லை. நாலரை சதவீதம்போல் உள்ள மக்னீசியம் கரைந்திருப்பதாலும், உருட்டி அழுத்தியதாலும் வலு பெறுகிறது. வெல்டிங் சூடு அந்த உருட்டிய வலுவை எடுத்துவிடும், கரைந்திருக்கும் மக்னீசியத்தை எடுக்க முடியாது. அதனால்தான் அட்டவணையில் 215 என்று 6061க்குக் கீழே நிற்கிற 5083, வெல்டிங்குக்குப் பிறகு 125இல் நிற்கிறது, 6061 105க்கு இறங்கிவிடுகிறது. இழுத்து அறுபடும் வலுவில் வித்தியாசம் இன்னும் பெரிது, 275க்கு எதிராக 165. கடையில் வாங்கும்போது எது வலுவானது, வேலை முடிந்தபின் எது வலுவானது என்பது இரண்டு தனிக் கேள்விகள். படகு கட்டுகிறவர்கள் 5083ஐ விடாமல் பிடித்திருப்பதற்குப் பாதிக் காரணம் இது, மீதிப் பாதி உப்பு.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் இருந்து, உலோகம் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் கிடந்தால், மக்னீசியம் மெல்லப் பிரிந்து படிக எல்லைகளில் போய்ச் சேரும். அந்த எல்லையை ஈரமும் உப்பும் அரிக்கும், இறுக்கமும் சேர்ந்தால் விரிசல் ஓடும். 1983 முதல் கடலுக்குப் போன அமெரிக்கக் கடற்படையின் டிகாண்டரோகா வகைக் கப்பல்களில் மேற்கட்டுமானம் 5456 அலாய். வெயிலில் காய்ந்த அந்தத் தளங்களில் இப்படி விரிசல் விட்டு, ஆண்டுக்கணக்கில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூரிலிருந்து ஒருவர் சாயப்பட்டறைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க 5083 சட்டம் கேட்டு வந்தார். நீராவி, எப்போதும் 90 டிகிரி. மக்னீசியம் இரண்டரை சதவீதம் உள்ள 5052 தரலாம் என்று சொல்லத் தொடங்கினேன். பேசப் பேச அங்கே காஸ்டிக் சோடா தெறிக்கும் என்று தெரிந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு தோல். காரமோ அமிலமோ கொஞ்சம் கடுமையானால் அந்தத் தோல் கரைந்துவிடும். அங்கே எந்த வரிசையும் நிற்காது. ஸ்டெயின்லெஸ் 316 போடுங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஒரு ஆர்டர் போனது, ஆனால் அவர் இன்றுவரை என்னிடம்தான் வருகிறார்.

அடுத்தது 7075. எனக்கு வருகிற வரைபடங்களில் அதிகம் வீணாகிற அலாய் இதுதான் என்பேன். நல்ல உலோகம்தான். ஜப்பானில் 1936இல் சுமிட்டோமோவில் உருவான இதன் முன்னோடி ஜீரோ போர் விமானத்தில் போனது, அமெரிக்காவில் ஆல்கோவா 1943இல் 7075ஐக் கொண்டுவந்தது. வளையும் வரம்பு 500ஐத் தொடும், சாதாரண எஃகைத் தாண்டிவிடும். இந்த எண்ணைப் பார்த்து மயங்கி, ஆடுகிற பாகத்துக்கெல்லாம் 7075 கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். ரோபோ கையில் மாட்டும் கிரிப்பர் தகடு, 6061இல் 40 மி.மீ. உயரம். நுனி ஆடுகிறது, அளவு நிற்கவில்லை. "7075 போட்டால் சரியாயிடுமில்லைங்களா அண்ணா?" என்றார். ஆகாது. ஆட்டத்தைத் தீர்மானிப்பது வலு இல்லை, விறைப்பு. அந்த விறைப்பில் அலுமினியக் குடும்பம் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றே. 6061க்கு 69 கிகாபாஸ்கல், 7075க்கு 72. பாத்திரம் செய்கிற தூய அலுமினியமும் அங்கேயேதான் நிற்கிறது. எஃகு மட்டும் 200க்கு மேல். வேறு அலாய் தேடுவதற்குப் பதில் தகட்டின் உயரத்தை 40இலிருந்து 50 ஆக்கச் சொன்னேன். விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95. எடை கால் பங்கு ஏறி, ஆட்டம் பாதியாகும். ஏறிய எடையையும் நடுப்பகுதியில் பாக்கெட் வெட்டி எடுத்துவிட்டோம். அதே 6061தான். அவர் முகத்தில் வந்த அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் பாகத்திலும் 7075 தன் எண்ணைக் காப்பாற்றுவதில்லை. 50 கோடி முறை தாங்கும் தகைவு 6061-டி6க்கு 97, 7075-டி6க்கு 159. வளையும் வரம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருப்பது, களைப்பில் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுவதோடு நின்றுவிடுகிறது. எஃகுக்கு இருப்பதுபோல, இதற்குக் கீழே போனால் எத்தனை முறையானாலும் உடையாது என்ற தரை அலுமினியத்துக்கு இல்லை. 7075ஐச் சாதாரண முறையில் வெல்ட் செய்யவும் கூடாது, ஆறும்போதே விரிசல் விடும். சரி, எங்கேதான் போடுவது? வெல்டிங் இல்லாமல், கட்டியிலிருந்து வெட்டி எடுத்து, பெரிய நிலைச் சுமை தாங்கும் பாகத்துக்கு. அச்சுத் தட்டு, கடுமையாக இறுக்கும் கிளாம்ப், இடம் குறுகி வேறு வழியில்லாத ஒரு கொக்கி.

உப்புக் காற்றைப் பற்றித் தூத்துக்குடியில் கற்றேன். கடலோர ஆலை ஒன்றில் பிராக்கெட்டுகளை மாற்றக் கூப்பிட்டார்கள். யாரோ எச்இ15இல் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எச்இ15 கடைசலில் அருமையாக வெட்டும், பொடிப்பொடியாகச் சீவல் விழும், பளபளப்பு அபாரம். அதற்குள் செம்பு நாலு சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. நான் கையில் எடுத்த பிராக்கெட்டின் விளிம்பு, மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம்போல ஏடு ஏடாக உப்பியிருந்தது. நகத்தால் நெம்பினால் ஒரு ஏடு தனியாக வந்தது. அதில் துளைக்குள் உட்காரும் பித்தளை வளையம், புஷ், வேறு அடித்திருந்தார்கள். புஷ்ஷைச் சுற்றி வெள்ளைப் பொடி, அதைத் தட்டினால் கீழே பள்ளம். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது அலுமினியம்தான். விமானத்தில் 2024 தகட்டைப் போடும்போது இதனால்தான் இருபுறமும் மெல்லிய தூய அலுமினியப் போர்வை சேர்த்து உருட்டுகிறார்கள். நாங்கள் 5083 பிளேட்டில் வெட்டி, பித்தளைக்குப் பதில் நைலான் புஷ் வைத்து, போல்ட்டின் கீழ் பிளாஸ்டிக் வாஷர் கொடுத்தோம். 5083 எச்இ15 மாதிரி அழகாக வெட்டாது, டூலில் ஒட்டும். மண்ணெண்ணெய் சொட்டவிட்டு, கூர்மையான கார்பைடில் மெதுவாக எடுத்தோம்.

தகடு வளைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 6061-டி6 தகட்டை அதன் கனமளவு ஆரத்தில் 90 டிகிரி வளைத்தால் முதலில் வெளிமேல் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும், அடுத்த நொடி குறுக்கே பிளவு. 5052-எச்32 போட்டால் பேச்சில்லாமல் மடியும் (வாலில் வரும் இந்த எச், எச்இ30இல் உள்ள எச் இல்லை; உருட்டி வலுவேற்றியது என்று பொருள்). உருட்டிய திசைக்குக் குறுக்கே மடியுங்கள்.

வார்ப்பு வேறு உலகம். எங்கள் ஊர் பம்ப் ஊர் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மோட்டார் ரோட்டரில் ஊற்றும் அலுமினியத்துக்கு வலுவே முக்கியமில்லை, மின்சாரம் ஓட வேண்டும். 99.7 சதவீதத் தூய இங்காட்தான் அங்கே வேண்டும். விலை குறைவு என்று ஸ்கிராப்பை உருக்கி ஊற்றினால், பார்வைக்கு அதே வெள்ளி நிறம், தராசில் அதே எடை. கொஞ்சம் மாங்கனீசும் குரோமியமும் சேர்ந்தால் போதும், கடத்துதிறன் இறங்கிவிடும். ரோட்டர் சூடாகும், சுழற்சி குறையும், கிணற்றில் தண்ணீர் குறையும். விவசாயி கடைசியில் காயில் கட்டியவரைத் திட்டுவார். பக்கத்திலேயே இருக்கும் பம்ப் உடலுக்கு நேர் எதிர். அங்கே பன்னிரண்டு சதவீதம் சிலிக்கன் உள்ள எல்எம்6 என்ற வார்ப்பு அலாய் கேட்போம். சிலிக்கன் சேர்ந்தால் உருகிய உலோகம் தண்ணீர்போல ஓடி மெல்லிய சுவரையும் நிரப்பும். வலுவும் வேண்டும், டி6 பதமும் செய்ய வேண்டும் என்றால் எல்எம்25. அழுத்த வார்ப்பில் வந்த ஏடிசி12 பாகத்தை டி6 உலையில் வைக்கச் சொல்லி மட்டும் யாரும் கேட்காதீர்கள். உள்ளே சிக்கிய காற்று விரிந்து மேலெல்லாம் கொப்புளம் போடும்.

அனோடைசிங், அதாவது மின்சாரத்தால் அந்த ஆக்சைடு தோலைத் தடிப்பாக்கும் வேலை, போகும் பாகமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவேன். 6063 கண்ணாடிபோல வரும். சிலிக்கன் நிறைந்த வார்ப்பு சாம்பல் பூத்து வரும். ஒரு கைப்பிடிக் கிராதியை 4043 என்ற வெல்டிங் கம்பியால் வெல்ட் செய்து அனோடைசிங் அனுப்பிவிட்டு, திரும்பி வந்தபோது ஒவ்வொரு இணைப்பிலும் மை தீட்டியதுபோல் கருங்கோடு நின்றதைப் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லை. 4043இல் ஐந்து சதவீதம் சிலிக்கன். 5356 போட்டிருந்தால் நிறம் ஒத்திருக்கும். கடின அனோடைசிங்கில் 50 மைக்ரான் ஏற்றினால் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வளரும். பேரிங் உட்காரும் துளையில் விட்டம் 50 மைக்ரான் சுருங்கும். இதை வரைபடத்தில் எழுதாதவர்கள்தான் அதிகம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் கடை வாசலுக்கு வர வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 6063 பெட்டிக் குழாய் எப்போதும் கிடைக்கும், எச்இ30 பட்டையும் உருளையும் கிடைக்கும், 5052 தகடு கிடைக்கும். 5083 பிளேட் சொல்லி வைத்தால் வரும், ஆனால் 5083இல் செவ்வகக் குழாய் நாலு அடி கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அது அச்சில் எளிதாகப் பிதுங்கி வராத உலோகம். 6063 நம்மைச் சுற்றி எங்கும் இருப்பதற்குக் காரணமே அது அச்சில் வெண்ணெய்போல் வழிந்து, ஒன்றரை மி.மீ. சுவரில் எந்தக் குறுக்குவெட்டும் எடுத்துவிடும் என்பதுதான்.

வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (ஒரே உருக்கில் வந்த உலோகத்துக்கு ஆலை கொடுக்கும் எண்) பிளேட்டில் அச்சடித்த நம்பரும் ஒன்றா என்று நானே நேரில் பார்ப்பேன். வெட்டிய மிச்சத் துண்டில் அந்த நம்பர் போய்விடும், அதனால் எங்கள் ரேக்கில் ஒவ்வொரு துண்டின் முனையிலும் பெயின்ட் நிறம் இருக்கும். 6061க்கு நீலம், எச்இ15க்கு சிவப்பு, 5083க்கு பச்சை, 7075க்கு மஞ்சள். நிறமில்லாத துண்டு வந்தால் முதல் சோதனை எளிது. ஓர் இடத்தை அரத்தால் சுரண்டி, காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நுரைத்து அடங்கியபின் கழுவினால் இடம் வெள்ளையாகவே இருந்தால் 1, 3, 5, 6 வரிசைகளில் ஒன்று. கறுத்திருந்தால் செம்போ துத்தநாகமோ இருக்கிறது, அதாவது 2 அல்லது 7. ஒருமுறை "எச்இ30தாங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்த உருளை கரிபோலக் கறுத்தது. அது வெல்டிங்குக்குப் போக இருந்த உருளை.

கலவை முழுதும் தெரிய வேண்டுமானால் ஸ்பெக்ட்ரோவுக்கு ஒரு துண்டு அனுப்ப வேண்டியதுதான். அதிலும் டி6 தெரியாது. கலவை சொல்லும் கருவி, அந்த உலோகம் எந்தச் சூட்டைப் பார்த்து வந்தது என்று சொல்லாது. அதற்குக் கடினம் அளக்க வேண்டும். குழாய், சேனல் என்றால் இடுக்கிபோல் கையால் அழுத்தும் வெப்ஸ்டர் கருவி போதும், ஒரு நொடியில் முள் காட்டிவிடும். அன்று அந்தத் தொங்கிய கையில், வெல்டிங்கிலிருந்து விரல் விரலாகத் தள்ளி இந்த இடுக்கியை வைத்திருந்தால் முள் இறங்கி ஏறுவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். அப்போது என்னிடம் அந்தக் கருவி இல்லை. அந்தக் குழாய்த் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் கருவியைக் கொடுத்து, அதில்தான் முதல் அளவு எடுக்கச் சொல்வேன்.

இன்று காலையிலும் ஒரு வரைபடம் வந்தது. கீழ் மூலைக் கட்டத்தில், மெட்டீரியல் என்ற இடத்தில் "அலுமினியம்" என்று ஒரே சொல். அனுப்பிய பெண்ணைக் கூப்பிட்டேன். வெல்டிங் உண்டா, எவ்வளவு சூடு, வெளியில் நிற்குமா, பக்கத்தில் பித்தளை ஏதாவது தொடுமா, சுமை நிற்கிறதா ஏறி இறங்குகிறதா, அனோடைசிங் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. "சைட்ல கேட்டுட்டுச் சாயங்காலம் சொல்றேங்க சார்" என்றார். நான்கு மணிக்குக் கூப்பிட்டார். வெல்டிங் இருக்கிறதாம், கையின் அடியிலேயே.